ஓடையை நடந்து பார்த்தவர்கள்

ஒலக்கூர் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில், பால் சொசைட்டி வாசலில் நான் நடத்திய முதல் கூட்டத்துக்கு ஒரு பெரிய படத்தைச் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன். பனிப்பாறை உடைந்து கடலில் விழும் படம். அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கரடி நிற்கும். திண்டிவனத்தில் என்னை வேலைக்கு எடுத்திருந்த சிறிய தொண்டு நிறுவனம் கொடுத்த படம் அது. பத்துக் கிராமங்களில் பெண்கள் குழு அமைத்து, மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் அவர்களே முன்நின்று ஊரைத் தயார்படுத்த உதவ வேண்டும் என்பது என் வேலை. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வளவனூரில் பிறந்து, விழுப்புரத்தில் சமூகப்பணி படித்து முடித்து, சேர்ந்த முதல் வேலை.

பால் ஊற்ற வந்த பெண்கள் கேனைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் நான்கைந்து ஆண்கள் தாங்களாகவே வந்து அமர்ந்துகொண்டார்கள். படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன். கை வலித்தது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. முடிக்கப் போகும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐஸ் உருகறது இருக்கட்டும் மேடம். எங்க மல்லாட்டை மண்ணுக்குள்ளயே மொளைச்சிப் போச்சே, ரெண்டு வருசமா. அது இன்னாத்துனாலன்னு சொல்லுங்க."

கேட்டவருக்கு நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, மடித்துச் செருகிய சேலை, பால் கேனின் மூடி இன்னும் கையில் இருந்தது. ஆடியில் விதைத்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, புரட்டாசிக் கடைசியில் பிடுங்குவார்கள். பிடுங்கும் நேரத்தில் நாலு நாள் விடாமல் மழை பெய்தால், காய் ஈரமண்ணில் கிடந்து முளைவிட்டுவிடும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் படத்தைச் சுருட்ட ஆரம்பித்தேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி, மேடம் பேசும்போது குறுக்கே பேசாதே என்று அவரை அடக்கினார். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது அதுதான் உறுத்தியது. அந்தக் கேள்வியை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அலுவலகத்தில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் அனுபவசாலி. நோட்டைப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவைத் தேடிப் போய், எனக்குத் தெரியாது, சேர்ந்து கண்டுபிடிக்கலாம் என்று சொல் என்றார். மறுநாளே போனேன். மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தவர், தெரியாது என்று சொல்வதற்காகத் திண்டிவனத்திலிருந்து ஒருத்தி பஸ் ஏறி வந்திருக்கிறாளே என்று சிரித்தார். கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. நான் அவருக்கு மேடமாக இருந்தது மேலும் இரண்டு வாரம்தான், அதற்குப் பிறகு பாப்பா.

அக்காவின் கணவர் லாரி டிரைவர். மாதத்தில் எட்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரே மகள் திண்டிவனத்தில் கல்லூரியில் படித்தாள். முக்கால் ஏக்கர் நிலம், இரண்டு மாடு, நூறு நாள் வேலை. எல்லாவற்றையும் அக்காதான் பார்த்துக்கொண்டார். ஆனால் ஊர்க் கூட்டம் என்றால் கணவர் ஊரில் இருக்கும்போது கணவரே போவார், இல்லாதபோது கணவரின் தம்பி போவார். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் கூட்டத்துக்குப் போய்ப் பேசியதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பெண்கள் குழு ஒன்று அந்த ஊரில் அமைந்தது. அதற்கு அலுவலகத்திலிருந்து ஒரு மழைமானி வந்தது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். அதை எங்கே வைப்பது என்று யோசித்தபோது, மரமும் கூரையும் இல்லாத இடம் வேண்டும் என்று நான் சொன்னேன். அக்கா தன் களத்து ஓரத்தில் ஒரு கம்பம் நட்டுக் கட்டினார். காலை எட்டரைக்குப் பார்ப்பார். பார்த்ததை ஒரு நோட்டில் குறித்து, பால் சொசைட்டிச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு எனக்குப் போன் செய்வார்.

திண்டிவனத்தில் நான் தங்கியிருந்த அறை ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. ரயில் போனால் எதிர்ப்பக்கம் பேசுவது கேட்காது. எட்டே முக்காலுக்குப் போன் அடிக்கும்போது பெரும்பாலும் ஒரு ரயிலும் வரும். "பாப்பா, இருபத்தி ரெண்டு," என்பார். கேட்கவில்லை என்பேன். "இருபத்தி ரெண்டும்மா, ரெண்டு." மழை இல்லாத நாளிலும் போன் வரும். இன்னைக்கு ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டு, நான் சாப்பிட்டேனா, தலைவலி தேவலையா என்று கேட்பார். பிறகு எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். அந்த மூன்று வருடக் காலைகளைப் போல என் பெயருக்கென்று விடிந்த காலைகள் வேறு இல்லை.

ஊரில் கேலி செய்தார்கள். சொசைட்டிச் சுவர் எண்ணைப் பார்த்து, மழையை அளந்தா மூட்டையில கட்டப் போறே என்று கேட்டார்கள். அக்கா மறுநாள் எண்ணை அதன் கீழே எழுதுவார். ஒரு வருடம் ஓடிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். அவர் எழுதியிருந்த எண்களை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். மழை பெய்த நாட்கள் குறைவு. பெய்த நாட்களில் சிலவற்றில் மட்டும் பெரிய எண்கள்.

"மழை கொறயல," என்றார் அக்கா. "பத்து நாளுக்குப் பெய்யறது ஒரே நாள்ல கொட்டுது. நம்ம ஏரி அதைத் தாங்கிக்கினு நிக்கணும், இல்ல வெளிய வுடணும்."

வெளியே விடுவதில்தான் சிக்கல் இருந்தது. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும் தண்ணீர் ஓர் ஓடையில் இறங்கி, ஊரைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போக வேண்டும். முந்தைய மழையில் அப்படிப் போகாமல் கீழ்த்தெருவுக்குள் புகுந்துவிட்டது. முப்பது வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர். ஆண்கள் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் குறை சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். ஓடை எங்கே அடைத்திருக்கிறது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. கீழ்த்தெருவிலிருந்து குழுவுக்கு வந்த ஒரு பெண் அதைச் சொன்னபோது, நாமே நடந்து பார்த்துவிடலாம் என்றார் அக்கா.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினான்கு பெண்களும் நானும் கலங்கலிலிருந்து நடக்க ஆரம்பித்தோம். கையில் அரிவாள், தண்ணீர் பாட்டில், ஒரு தூக்கில் அவித்த மல்லாட்டை. முள்செடியை வெட்டி வழி செய்துகொண்டு போனார்கள். எனக்குச் செருப்பு அறுந்துபோனது. கீழ்த்தெருப் பெண் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு முன்னால் போனார். இந்த இடத்தில்தான் சின்ன வயதில் மீன் பிடித்தோம், இந்தக் கல்லில்தான் துணி துவைத்தோம் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் வேறு ஊர்களிலிருந்து கல்யாணமாகி வந்தவர்கள். அந்த ஓடை முழுவதையும் ஒரே நடையில் யாருமே அதுவரை பார்த்ததில்லை. அடைப்பு இருக்கும் இடத்தையெல்லாம் நான் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். இடிந்த ஒரு சிறு பாலம், குப்பை கொட்டிய ஓர் இடம், இரண்டு இடங்களில் மண்சரிவு.

ஒரு திருப்பத்துக்கு அப்பால் ஓடையே இல்லை. மண் போட்டுச் சமன் செய்து, வரிசையாகச் சவுக்கு வைத்திருந்தார்கள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மரங்கள். பேச்சு நின்றுபோனது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குப் புரியவில்லை, இது யார் தோப்பு என்று கேட்டேன். கடைசியில் அக்காவே சொன்னார். "எங்க கொழுந்தனாரு வச்சது."

மல்லாட்டையை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். சவுக்கு நிழல் நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது அக்கா எங்களை விட்டு முன்னால் வேகமாக நடந்து போனார். இதோடு அவர் விலகிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அப்படி விலகினாலும் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் தோன்றியது. நான் சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விடுகிறவள். அவர் அந்த வீட்டில், அதே கிணற்றில் தண்ணீர் எடுத்து வாழ வேண்டியவர்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்தார். குறித்து வைத்த காகிதத்தை என்னிடம் வாங்கி, நான் எழுதாமல் விட்டிருந்த இடத்தில் தன் கையால் "சவுக்கு, இருநூறு அடி" என்று எழுதினார். திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுப்பது என்று முடிவானது. தலைவியாகப் பேச அக்காவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். அக்கா விசேஷத்துக்குக் கட்டும் நீலச் சேலையில் வந்திருந்தார். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். எங்கள் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நிமிர்ந்து, "சொல்லுங்கம்மா," என்றார். அக்கா மூச்சை இழுத்தார். ஒரு நொடி, இரண்டு நொடி. அதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். காலநிலை, மழையளவு, ஆக்கிரமிப்பு என்று கடகடவென்று சொல்லி முடித்தேன். அதிகாரி தலையசைத்து மனுவில் ஏதோ எழுதிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். நன்றாக முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்த அக்கா விக்கிரவாண்டி தாண்டும் வரைக்கும் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். சாலையோரத்தில் தர்ப்பூசணியைக் குவித்து வைத்திருந்தார்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன்.

"நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல பாப்பா," என்றார். "ஆனா அவரு என்னைப் பாத்துதான் கேட்டாரு."

நீங்கள் பயந்துபோய் நிற்கிறீர்கள் என்று நினைத்தேன் அக்கா என்றேன்.

"பயந்தேன்தான். பயந்துக்கினே பேசியிருப்பேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் இருந்த மற்றொரு பெண் எங்களைப் பார்க்காத மாதிரி டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் முன்நிற்க உதவுவதுதான் என் வேலை என்று பத்து ஊரில் சொல்லித் திரிந்தவள் நான். முதல் கூட்டத்தில் அவரை அடக்கிய முன்வரிசை ஆள் செய்ததைத்தான் நானும் இன்னும் மரியாதையாகச் செய்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். விடு பாப்பா என்று கையைத் தட்டிக் கொடுத்தார். ஆனால் அடுத்த நாள் காலையில் போன் வரவில்லை. மூன்றாம் நாள்தான் வந்தது.

மனு மேலே நகரவில்லை. ஐந்து வாரம் கழித்து மறுபடி போனோம். இந்தத் தடவை நான் உள்ளே வரவில்லை என்று சொல்லிவிட்டு, அவர்கள் பைகளை வைத்துக்கொண்டு வெளியே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீ ஆறிப்போனது. அவர்கள் படியிறங்கி வந்தபோது அக்கா நேராக வந்து தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பாதிக்கு மேல் குடித்தார். என்ன நடந்தது என்பதைக் கூட வந்த பெண்தான் சொன்னார். அக்கா முதலில் திக்கினாராம். பிறகு நோட்டை மேசையில் விரித்து, எந்தத் தேதியில் எவ்வளவு மழை, அன்றைக்குத் தண்ணீர் எந்த வீட்டுப் படி வரைக்கும் வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாராம். சவுக்கு யாருடையது என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"எங்க கொழுந்தனாருதுங்க சார்," என்று சொல்லியிருக்கிறார் அக்கா. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாராம். அடுத்த வாரம் அளக்க ஆள் வருவார்கள் என்று சொல்லி அனுப்பினாராம்.

வந்தார்கள். அளந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அக்காவின் வீட்டில் பேஜாரு ஆரம்பமானது. கொழுந்தனார் பேச்சை நிறுத்தினார். அவர் கெட்டவரில்லை. அந்த இருநூறு அடியும் வெறும் புதர்தானே என்று நினைத்து மண் போட்டவர், மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று சவுக்கை நம்பியிருந்தார். லாரியிலிருந்து போன் செய்த கணவர், தம்பியைக் காட்டிக்கொடுத்தவள் கையால் சாப்பிட மாட்டேன் என்றார். சொன்னபடியே, ஊருக்கு வந்த எட்டு நாளும் தம்பி வீட்டிலேயே சாப்பிட்டார். அக்கா தினமும் சமைத்து மூடி வைத்தார். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. மகள்தான் கல்லூரி விட்டு வரும்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துச் சொன்னாள். போய்ப் பார்த்தேன். மழைமானியைக் கழற்றி எடுத்துப் போய்விடு பாப்பா, வேறு யார் களத்திலாவது கட்டு என்றார். கழற்றட்டுமா என்று எழுந்து நின்றேன். அவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். நான் கழற்றாமலே வந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அக்கா வரவில்லை. ஆனால் எதிர்பாராத ஒருவர் வந்தார். அக்காவின் ஓரகத்தி, அதாவது அந்தக் கொழுந்தனாரின் மனைவி. அதுவரை குழுவின் பக்கமே எட்டிப் பார்க்காதவர். எல்லோரும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். நின்றபடியே பேசினார்.

"எங்க அம்மா வூடு மரக்காணம் பக்கம், கடலோரம். வூட்டுக்குள்ள தண்ணி வந்தா இன்னா ஆவும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். மரம் எங்க வூட்டுக்காரருதுதான். வெட்டி எடுத்துக்கறதுக்கு ரெண்டு மாசம் டைம் குடுக்கச் சொல்லுங்க. ஓடை தோண்டுறப்ப நானும் வர்றேன்."

சொல்லிவிட்டு அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனார். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் காலை எட்டே முக்காலுக்குப் போன் அடித்தது. இன்னைக்கு ஒண்ணுமில்ல என்றார் அக்கா.

சித்திரையில் சவுக்கு வெட்டப்பட்டது. கொழுந்தனாரே ஆள் வைத்து வெட்டி, லாரியில் ஏற்றி விற்றார். வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லை என்பதால் எதிர்பார்த்த விலை கிடைக்கவில்லை. அந்தக் கோபம் அவருக்கு நெடுநாள் இருந்தது. கிராம சபையில் ஓடையைத் தூர்வாரும் வேலையை நூறு நாள் வேலையில் சேர்க்க வேண்டும் என்று பெண்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அக்கா எழுந்து பேசியபோது பின்னால் சிலர் முணுமுணுத்தார்கள். அவர் நிறுத்திவிட்டு, நான் பேசி முடிச்சதும் நீங்க பேசுங்க, நான் கேட்டுக்கினு இருக்கேன் என்றார். முணுமுணுப்பு அடங்கியது. வைகாசி வெயிலில் எண்பது பெண்கள் மண்வெட்டியோடு ஓடையில் இறங்கினார்கள். அந்த வெயிலை நினைத்தால் இப்போதும் தொண்டை காய்கிறது. பதினொரு மணிக்கு மேல் நிற்க முடியாது என்பதால், காலை ஆறரைக்கே வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்று ஒன்றிய அலுவலகத்தில் பேசி அனுமதி வாங்கியதும் அக்காதான். ஓரகத்தி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். தன் வீட்டு மரங்களின் வேர்க்கட்டைகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை முழுக்க லேசான மழைதான். ஓடைக்கு வேலையே இல்லை. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வருடம்தான் அந்தப் புயல் வந்தது.

கடலோரத்தில் எங்கோ கரையேறும் என்றார்கள், நேரம் மாறிக்கொண்டே இருந்தது. திண்டிவனத்தில் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. என் அறை ஜன்னலில் துணியைத் திணித்து வைத்திருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு அக்காவின் போன் வந்தது. காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

"பாப்பா, மானி ரொம்பிப் போச்சு. ரெண்டு தடவ கொட்டிட்டுத் திரும்ப வச்சேன். இன்னும் நிக்கல. கீழ்த்தெரு சனத்தை இப்பவே ஸ்கூலுக்கு ஏத்தப் போறோம்."

நான் தயங்கினேன். அதிகாரிகளிடமிருந்து எச்சரிக்கை வரவில்லையே, ஒரு மணி நேரம் பார்க்கலாமா, பிறகு ஒன்றும் ஆகவில்லை என்றால் ஊரில் உங்களைத்தானே பேசுவார்கள் என்று சொன்னேன். அவர் மீதான அக்கறையில்தான் சொன்னேன்.

"உன்னைக் கேக்கறதுக்குப் போன் பண்ணல பாப்பா. சொல்றதுக்குப் பண்ணேன். இருட்டிட்டா கிழவன் கிழவியை நடத்திக் கூட்டிக்கினு வர முடியாது. நீ ஹெட்மாஸ்டரைப் புடிச்சிச் சாவி மட்டும் ஜல்தியா ஏற்பாடு பண்ணு."

தலைமை ஆசிரியர் திண்டிவனத்தில்தான் இருந்தார். போன் கிடைக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் யோசிக்கவே இல்லை. சத்துணவு அமைப்பாளரிடம் இன்னொரு சாவி இருக்கிறது, திறக்கச் சொல்லுங்கள், அரிசி மூட்டையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். அதை அக்காவுக்குச் சொல்லி முடித்ததோடு இணைப்பு போய்விட்டது. அந்தப் புயலில் நான் செய்தது அவ்வளவுதான்.

இரண்டு நாளாக எந்தத் தகவலும் இல்லை. மூன்றாம் நாள் பஸ் போகிற வரைக்கும் போய், மீதி ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். சாலையில் மரங்கள் விழுந்து கிடந்தன. வயல் எது, ஏரி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீராக இருந்தது. என்ன பார்க்கப் போகிறேனோ என்று நினைத்தபடி நடந்தேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் பெரிய அண்டாவில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கீழ்த்தெருவில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். புயல் வந்த அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அத்தனை பேரும் மேலே வந்துவிட்டார்கள். வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த இரண்டு கிழவர்களை அக்காவின் கொழுந்தனார் முதுகில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஓடை இரு கரையும் நிரம்பி ஓடியிருக்கிறது. இருந்தும் தண்ணீர் முழுவதையும் அதனால் வாங்க முடியவில்லை. நான்கு வீடுகளின் சுவர் இடிந்து விழுந்திருந்தது. அவற்றுள் ஒன்றில், புயலுக்கு முந்தைய நாள் வரைக்கும் ஒரு குடும்பமே அந்தச் சுவரை ஒட்டித்தான் படுத்திருந்தது. ஆடுகள் போயின. நெல் முழுகிவிட்டது. அக்காவின் நிலமும் முழுகியிருந்தது.

அக்கா வகுப்பறையில் ஒரு பெஞ்சில் சுவரில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப்போய் இரண்டு நாளாகப் பேச்சே வரவில்லை என்று ஓரகத்தி சொன்னார். என்னைப் பார்த்ததும் விழித்து, சைகையால் சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அழுவதற்கு எனக்கு என்ன வந்தது என்று அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய கணவர் லாரியைப் பெங்களூர் பக்கம் எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு தட்டில் சோறு போட்டு மனைவி முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அக்கா எனக்குப் பாதியைத் தள்ளினார்.

அடுத்த ஆனியில் எங்கள் திட்டத்துக்கு நிதி நின்றுபோனது. அலுவலகத்தை மூடினார்கள். நான் அறையைக் காலி செய்து வளவனூருக்கு வந்தேன். பிறகு விழுப்புரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமானது. குழந்தை பிறந்தது. அக்காவின் போன் தினம் ஒன்று என்பதிலிருந்து வாரம் ஒன்றானது, பிறகு பொங்கலுக்கும் மழைக்காலத்துக்கும் மட்டும் என்றானது. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன சொல்வது என்று ஒரு கூச்சம். நாங்கள் ஆரம்பித்து வைத்துவிட்டுப் பாதியில் போய்விட்டோம் என்ற குற்ற உணர்ச்சியும் இருந்தது. அந்தக் குழு கலைந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் எங்கள் கல்லூரி அரங்கத்தில் காணை ஒன்றியத்துப் பெண்கள் குழுக்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. நாற்காலி, மைக் ஏற்பாடு என் பொறுப்பு. பயிற்சி கொடுக்க வருபவர் யார் என்று எனக்குத் தெரியாது. மேடையில் ஏறியவரைப் பார்த்துக் கதவோரத்திலேயே நின்றுவிட்டேன். தலை நன்றாக நரைத்துவிட்டது. கண்ணாடி போட்டிருந்தார். மைக் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கி, பெண்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். படம் எதுவும் காட்டவில்லை. உங்கள் ஊரில் தண்ணீர் முதலில் எந்த வீட்டுக்கு வரும் என்று கேட்டார். யாரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. யாராவது எதையாவது சொல்லி அதை உடைத்துவிடக் கூடாதா என்றிருந்தது. அக்கா பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், எங்க வூட்டுக்குத்தாங்க என்று மெல்லச் சொன்னாள். அக்கா நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். இளைத்துப்போய்விட்டாய் பாப்பா என்று கன்னத்தைத் தொட்டார். பழைய குழு கலையவில்லையாம். பக்கத்து ஆறு ஊர்களிலும் சேர்ந்திருக்கிறதாம். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று தோற்றதை வேறு யாருக்கோ நடந்த மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த தடவை ஓரகத்தியை நிறுத்தப் போகிறார்களாம், அவளுக்கு வாய் அதிகம், ஜெயித்துவிடுவாள் என்றார். நான் கூப்பிடாமல் இருந்ததற்கு ஏதோ காரணம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. என் குழந்தையின் போட்டோவைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் காணைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தட்டோடு வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். வாய்க்காலில் வீடு கட்டியவர் ஊர்ப் பெரிய மனிதர், அவரை எப்படிக் கேட்பது என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அக்கா அவள் பக்கம் திரும்பினார். எனக்கு அலுவலகத்தில் வேலை இருந்தது. சொல்லிக்கொள்ளலாம் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அவர் அந்தப் பெண் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தார், இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சத்தமில்லாமல் படியிறங்கி வந்தேன்.